சுருதியை இறக்குங்கள்: திருகோணமலைப் பாடசாலைகளின் சங்கீத ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.

அன்புள்ள ரீச்சர்மாருக்கும் சேர்மாருக்கும்,

சனவரி மாதத்துக் கடைசிக் கிழமைகளில் எனக்கு மணிக்கூடு தேவைப்படுவதில்லை. காலை ஏழரைக்கு ஓர்ஸ் ஹில்லின் ஒரு மூலையில் தேசிய கீதம் தொடங்கும். அது முடியுமுன் இன்னொரு மூலையில் இன்னொன்று தொடங்கும். கடிதத்தில் உவர்மலை என்று எழுதி, வாயால் ஓர்ஸ் ஹில் என்றே சொல்லிப் பழகிய இந்த மேட்டுக்கு, வாடைக்காற்று வீசினால் கீழே நகரத்துப் பாடசாலைகளின் சத்தமும் ஏறி வரும். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஓர் ஒத்திகை, பெப்ரவரி 4க்கு ஓர் ஒத்திகை. முப்பது வருடத்துக்கு மேல் சங்கீதம் படிப்பித்த காது. ஓய்வூதியம் எடுத்த பிறகும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

அந்தக் காதில் விழுவது பிள்ளைகளின் குரலாக இருந்தால் இந்த மடலுக்கு வேலையில்லை. விழுவது பென் டிரைவ். எந்தப் பாடசாலையானாலும் அதே பதிவு, அதே வாத்தியக் குழு, அதே பெரியவர்களின் குரல். பெட்டிக்குள் இருப்பவர்கள் சுத்தமாகத்தான் பாடுகிறார்கள். வெயிலில் வரிசையாக நிற்கிற ஐந்நூறு பிள்ளைகள் அந்த நேரம் என்ன செய்கிறார்கள்?

இதற்கு விடை ஒரு பழைய மாணவன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இப்போது அவனுக்கு நாற்பது வயதிருக்கும். தேத்தண்ணிக் கடையில் கண்டு, பழைய கதை பேசிக்கொண்டிருந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னான்: "சேர், பதினொரு வருசம் அசெம்பிளியில நிண்டன். தேசிய கீதம் ஒரு நாளும் பாடேல்லை. வாயை மட்டும் அசைப்பன்." நம் ஊரில் அதற்குக் காரணமா இல்லை? நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டு, மெதுவாக ஏன் என்று கேட்டேன். "நடுவில ஓரிடத்தில மேல போகுமே சேர், அது எனக்கு எட்டாது. ஒருக்கா முயற்சி செய்தன். குரல் கிறீச்சிட்டுது. பக்கத்தில நிண்டவங்கள் ஒரு கிழமை சிரிச்சாங்கள். அதோட விட்டிட்டன்."

அந்தப் பதினொரு வருடத்தில் ஆறு வருடம் முன்னால் நின்று கை காட்டியவன் நான். அவன் உதடு அசைவதைப் பார்த்துப் பாடுகிறான் என்று நம்பியவனும் நான்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு யோசனை. ஒரு நாட்டின் கீதம் மயிர்க்கூச்செறிய வைப்பதும், ஒருமுறை கேட்டால் நெஞ்சில் ஒட்டிக்கொள்வதும் எதனால்? சொல்லின் பெருமையாலா? ஸ்பெயின் நாட்டின் கீதத்துக்குச் சொல்லே கிடையாது. உதைபந்தாட்ட மைதானத்தில் அந்த நாட்டார் வெறும் "லா லா" போட்டுத்தான் சேர்ந்துகொள்கிறார்கள், அதிலும் மைதானம் அதிரத்தான் செய்கிறது. கவிஞரின் பெயராலா? பிரான்சின் கீதத்தை 1792 ஏப்ரலில், ஸ்ட்ராஸ்பூர்க் நகரில், ஒரே இரவில் எழுதியவர் ரூஜே தெ லீல் என்ற படை அதிகாரி. ஆனால் பாட்டுக்கு நின்ற பெயர் மார்செய்யேஸ். மார்செய் ஊர்த் தொண்டர்கள் அதைப் பாடிக்கொண்டே பாரிசுக்குள் நடந்து வந்ததால், பாடினவர்களின் ஊர்ப் பெயர் பாட்டுக்குப் போய்விட்டது. எழுதியவன் ஓரமாக நின்றான்.

மெட்டுக்கு வருவோம். அமெரிக்கக் கீதம் நல்ல எச்சரிக்கை. லண்டனில் ஒரு சங்கீதச் சங்கத்தார் கூடிப் பாடிய மெட்டில் 1814இல் எழுதிய கவிதையை ஏற்றிவைத்தார்கள். 1931இல் சட்டப்படி தேசிய கீதமாக்கினார்கள். மெட்டு ஒரு ஸ்தாயியைத் தாண்டி மேல் பஞ்சமம் வரை ஏறுகிறது. தேர்ந்த பாடகர்களே அங்கே தடுக்கி விழுந்திருக்கிறார்கள். ஆகவே விளையாட்டு மைதானத்தில் ஒருவர் பாட, மற்றவர்கள் நெஞ்சில் கை வைத்துக் கேட்பது அங்கே வழக்கமாகிவிட்டது. என் மாணவனுக்கு அமெரிக்காவில் நிறையத் தோழர்கள் இருப்பார்கள்.

எதிர்ப்பக்கத்துக்கு வங்காள தேசம். தாகூர் 1905இல் எழுதிய பாட்டு. மெட்டு, ககன் ஹர்கரா என்ற கிராமத்துத் தபால்காரர் பாடிய பாவுல் பாட்டிலிருந்து வந்தது. கடிதம் சுமந்து வரப்பிலும் ஒழுங்கையிலும் நடந்த ஒரு மனிதர் மூச்சுவாங்காமல் பாடிய மெட்டென்றால், அது எல்லார் தொண்டைக்கும் அடங்கும்.

நம்முடைய கீதத்தின் வேரும் அந்தப் பக்கம்தான். ஆனந்த சமரக்கோன் தாகூரின் சாந்திநிகேதனில் சில மாதம் இருந்து அந்தக் காற்றோடு திரும்பியவர். 1940இல் "நமோ நமோ மாதா"வை இயற்றும்போது அவர் காலி மகிந்தக் கல்லூரியில் ஆசிரியர். பொதுமேடையில் அதை முதலில் பாடியவர்கள் கொழும்பு மியூசியஸ் கல்லூரி மாணவிகள். சுதந்திரம் கிடைத்தபோது கீதத்துக்கென்று ஒரு போட்டியே வைத்தார்கள். தெரிவுக் குழுவில் இருந்த இருவரே ஆக்கிய பாட்டு அதில் வென்றது. 1948 பெப்ரவரி 4 காலையில் வானொலியிலும் ஒலித்தது. இன்று அதன் முதலடியைச் சொல்லக்கூடிய ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. பிள்ளைகளின் வாயில் எட்டு வருடமாக ஊறியிருந்த பாட்டோடு, குழு தெரிந்தெடுத்த பாட்டுப் போட்டிபோட முடியவில்லை. 1951 நவம்பர் 22ஆம் திகதி "நமோ நமோ மாதா" முறைப்படி தேசிய கீதமானது.

தமிழ் வடிவத்தைத் தந்தவர் முதுதமிழ்ப் புலவர் மு. நல்லதம்பி. வட்டுக்கோட்டைக்காரர், கொழும்பு சாஹிராக் கல்லூரியில் தமிழ் படிப்பித்தவர். எழுதியவரும் வாத்தியார், தமிழாக்கியவரும் வாத்தியார், முதலில் பாடியது பள்ளிப் பிள்ளைகள். இராணுவ அணிவகுப்புக்கும் அமைச்சின் கோப்புக்கும் முன்னால் இந்தப் பாட்டு வகுப்பறையில் இருந்தது. உங்களுக்கும் எனக்கும் இதில் இருக்கிற உரிமை கொஞ்ச நஞ்சமல்ல.

நல்லதம்பியின் கைவேலையை ஒரு வாத்தியாரின் கண்ணோடு பாருங்கள். அவர் மெட்டைத் தொடவில்லை. சிங்களத்தில் "மாதா" விழுகிற இடத்தில் தமிழில் "தாயே" விழுகிறது. இரண்டையும் அலகிட்டுப் பார்த்தால் நேர் நேர், தேமா. முதலெழுத்தில் ஆகாரம் அப்படியே நிற்கிறது. கடைசி எழுத்திலும் வாய் திறந்தபடி. "நமோ"வை அவர் மாற்றவே இல்லை, வேறு தமிழ்ச் சொல் தேடவும் இல்லை. தேடியிருந்தால் கெட்டிருக்கும். நீண்டு ஒலிக்க வேண்டிய இடத்தில் மெய்யெழுத்து வந்தால் குரல் போய் முட்டும், நெடில் வந்தால் ஓடும். ஆராரோ பாடின தாய்மாருக்கும் ஏலேலோ போட்டு வலித்த தோணிக்காரருக்கும் இது பாடம் எடுக்காமலே தெரிந்திருந்தது. "நமோ" அந்த இனத்துச் சொல்தான். அர்த்தம் தெரியாத முதலாம் தரத்துப் பிள்ளையும் அந்த இடம் வந்தவுடன் சத்தமாகச் சேர்ந்துகொள்வதை நீங்கள் எத்தனை தரம் பார்த்திருப்பீர்கள்.

கோணேசர் கோயிலிலும் இதுதான் நடக்கிறது. மூன்றாம் திருமுறையில் சம்பந்தர் நம் மலைக்குப் பாடிய பதிகத்தை ஓதுவார் தொடங்கும்போது கேட்டுக்கொண்டிருப்பவர்கள், ஒவ்வொரு பாட்டும் வந்து முடிகிற அந்த ஒரே முடிப்பில் சேர்ந்துகொள்வார்கள். முழுப் பாட்டும் தெரிந்தவர் பத்துப் பேர் இருப்பார்கள். முடிப்புக்கு வாய் திறக்காதவர் இல்லை. கூட்டத்துக்கென்று பாட்டுக் கட்டத் தெரிந்தவர்கள் திரும்பி வருகிற ஓர் இடத்தை வைத்தே கட்டுவார்கள்.

அந்தத் திரும்புமிடத்துக்கே ஒரு கண்டம் வந்தது, அது தனிக்கதை. ஐம்பதுகளின் கடைசியில், பாட்டு "நமோ நமோ" என்று தொடங்குவதில் கணம் பிழை, தொடக்க எழுத்துகளே அமங்கலம், அதனால்தான் இரண்டு பிரதமர்களை இழந்தோம் என்று கிளம்பினார்கள். டி. எஸ். சேனநாயக்க 1952இல் குதிரையிலிருந்து விழுந்து இறந்தவர். பண்டாரநாயக்க 1959இல் சுடப்பட்டவர். இரண்டு சாவுக்கும் ஒரு குறிலும் நெடிலும் பொறுப்பு! நம் பாட்டியல் நூல்களிலும் நச்செழுத்து, அமுத எழுத்து, கணப் பொருத்தம் எல்லாம் உண்டு, ஆகவே சிங்களப் பண்டிதர்களைப் பார்த்து நாம் மட்டும் சிரிக்க முடியாது. 1961இல் சமரக்கோனின் கடும் எதிர்ப்பையும் மீறி முதலடியை "ஸ்ரீ லங்கா மாதா" என்று மாற்றினார்கள். அடுத்த வருடம் ஏப்ரலில், தன் பாட்டைச் சிதைத்துவிட்டார்கள் என்ற மனக்குறையை எழுதிவைத்துவிட்டு அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். எல்லாருக்குமாகப் பாட்டுச் செய்து கொடுத்த ஒரு வாத்தியாரை ஒருவரும் காப்பாற்றவில்லை. இதை நீங்கள் ஒன்பதாம் தரத்துக்கு மேல் உள்ள பிள்ளைகளுக்காவது சொல்ல வேண்டும்.

இனி, நான் சுற்றிச் சுற்றி வருகிற விசயம். தமிழ் வடிவம் 1949 பெப்ரவரி 4இல் டொரிங்டன் சதுக்கத்து விழாவிலேயே சிங்களத்தோடு சேர்ந்து பாடப்பட்டது. 1978 அரசியலமைப்பின் தமிழ்ப் பாடத்திலும் அது அட்டவணையில் இருக்கிறது. ஆனாலும் 2010 டிசம்பரில் அதை நிறுத்துவது பற்றி அமைச்சரவை மட்டத்தில் பேச்சு எழுந்தது. 2015 மார்ச்சில் தமிழில் பாடத் தடையில்லை என்று ஜனாதிபதி சிறிசேன சொல்ல வேண்டியிருந்தது. 2016இல் காலிமுகத்திடல் விழா தமிழில் பாடி முடிந்தது. 2020இல் மறுபடி சிங்களம் மட்டும். ஒரு பாட்டுக்கு விசா வழங்குவதும் ரத்துச் செய்வதுமாக இருந்தால் அது எந்தப் பிள்ளையின் நெஞ்சில் தங்கும்?

உலகத்தில் இதற்கு ஒரே வழி என்று ஒன்று இல்லை. தென்னாபிரிக்காவில் ஒரே பாட்டுக்குள் ஐந்து மொழிகள். 1999இல் இங்கிலாந்தில் நடந்த உலகக் கிண்ண றக்பி ஆட்டமொன்றில், ஹினேவேஹி மோஹி என்ற பாடகி நியூசிலாந்துக் கீதத்தை மாவோரி மொழியில் மட்டும் பாடியபோது நியூசிலாந்தில் பெரிய கூச்சல் கிளம்பியது. இப்போது அங்கே முதலில் மாவோரி, பிறகு ஆங்கிலம் என்பதே நடைமுறை. அதை மாற்றச் சொன்னால் இன்று அதற்குத்தான் கூச்சல் வரும். சிங்கப்பூரில் எல்லாரும் மலாயில் மட்டும் பாடுகிறார்கள், தமிழ்ப் பிள்ளைகளும். "அங்கே ஒரு மொழிதானே" என்று இதைக் காட்டுகிறவர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்துவேன். சிங்கப்பூர் தெரிந்தெடுத்தது பெரும்பான்மையோரின் மொழியை அல்ல.

சுருதியை இறக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல நான் வரவில்லை. 2006 சனவரி 2ஆம் திகதி ஐந்து மாணவர்கள் கடற்கரையில் கொல்லப்பட்ட ஊர் இது. எங்கள் பாடசாலைகளின் வரிசைகளில், தொண்டை வேறு காரணத்தால் அடைத்துக்கொண்ட பிள்ளைகள் நின்றிருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளும் நிற்கிறார்கள். பாடாமல் நிற்கிற பிள்ளையை அதட்டாதீர்கள், பெயர் எழுதிக் கொடுக்காதீர்கள். நான் கேட்பது வேறு. பாட மனமிருந்தும் பாட முடியாமல் நிற்கிற பிள்ளைக்கு நாமே தடையாக இருக்கக் கூடாது. முன்னதை ஆற்றுவது நம் கையில் இல்லை. பின்னது முழுக்க நம் கையில்.

அதனால் வேலைக்கு வருகிறேன். பதிவில் பாடுகிறவர்கள் பயிற்சி பெற்ற பெரியவர்கள். அவர்களுக்கு வசதியான சுருதி அது. நம் வரிசையிலோ ஆறாம் தரத்துப் பெண்பிள்ளையும் குரல் உடைகிற பத்தாம் தரத்துப் பையனும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். பெண்பிள்ளைக்கு ஐந்து கட்டை சுகமாக இருக்கும். அவனுக்கு இன்னது என்று நிலையான சுருதியே அந்த வருடம் கிடையாது. சுருதியைத் தீர்மானிக்க முன் வரிசையில் நன்றாகப் பாடும் நாலு பிள்ளைகளைக் கூப்பிடாதீர்கள். நான் அந்தப் பிழையைத்தான் விட்டேன். கடைசி வரிசைக்குப் போங்கள். பாட்டின் மிக உயர்ந்த இடத்தை மட்டும் எடுத்து, ஆர்மோனியத்தில் அரை அரைக் கட்டையாக இறக்கிக்கொண்டே வாருங்கள். அந்தப் பையன்கள் முகம் சுளிக்காமல், கழுத்தை நீட்டாமல் சத்தம் போடுகிற இடம் வரும். அதுதான் உங்கள் பாடசாலையின் சுருதி. கீழே போகிற இடங்கள் சின்னப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மங்கும், மங்கட்டும். உச்சத்தில் ஐந்நூறு பேரும் இருந்தால் போதும்.

காலப்பிரமாணமும் கவனிக்க வேண்டியது. பதிவு போகிற வேகத்தில் பிள்ளைகளுக்கு மூச்செடுக்க இடமில்லை. எங்கே மூச்சு விட வேண்டும் என்று கோடு போட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் சொல்லுக்கு நடுவே விடுவார்கள், சொல் உடையும், உடைந்த சொல்லுக்கு அவர்களே ஓர் அர்த்தம் கண்டுபிடிப்பார்கள். நல்லதம்பியின் தமிழ் இலக்கியத் தமிழ். "ஞாலம்" என்றால் என்ன என்று எட்டாம் தரத்தில் கேட்டுப் பாருங்கள். "நறுஞ்சோலை"யை ஒரு பிள்ளை வருடக்கணக்காக "நரிச்சோலை" என்றே பாடிவந்ததை நான் பிந்தித்தான் கண்டுபிடித்தேன். திருகோணமலையில் தெருவெல்லாம் மான் அல்லவா திரிகிறது, நரி எங்கே கண்டாய் என்று கேட்டேன். "அதுதான் சேர் நானும் யோசிச்சனான்" என்றாள். ஒரு பாடவேளையை ஒதுக்கிச் சொல் சொல்லாகப் பொருள் சொல்லுங்கள். வயல், நதி, மலை, பூ, சோலை என்று இடத்தைப் பாடுகிற பாட்டு இது. யாரையும் வெட்டச் சொல்லவில்லை, யார் இரத்தத்தையும் கேட்கவில்லை. எத்தனையோ நாட்டுக் கீதங்களுக்கு இல்லாத குணம். பொருள் தெரிந்தால் பிள்ளை அதை உள்துறைமுகத்தையும் கந்தளாய் வயலையும் நினைத்தே பாடலாம்.

சிங்கள வடிவத்தையும் பாட வேண்டிய நிகழ்ச்சியென்றால், தமிழெழுத்தில் எழுதிக் கொடுத்து மனனம் செய்ய வைப்பதோடு நிறுத்தாமல் அதற்கும் பொருள் சொல்லுங்கள். சிங்களப் பாடசாலை ஆசிரியர்களும் இதை யாராவது வாசித்துக் காட்டக் கேட்டால், அவர்களிடமும் அதே வேண்டுகோள்: உங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வடிவத்தை ஒருமுறையாவது பாடிக் காட்டுங்கள். மெட்டு ஒன்றுதானே, அரை மணித்தியாலம் போதும்.

கடைசியாக அந்த பென் டிரைவ். தமிழ்நாட்டில் மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையின் தமிழ்த்தாய் வாழ்த்தை எம். எஸ். விஸ்வநாதன் மோகனத்தில் அமைத்தார். ஐந்தே சுரம், எவர் தொண்டைக்கும் இடைஞ்சல் இல்லாத ராகம். அப்படியிருந்தும் காலப்போக்கில் விழாக்களில் இசைத்தட்டு ஓட, மேடையில் நின்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்தபோது, பதிவை ஒலிபரப்பாமல் பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும் என்று அரசு சேர்த்துச் சொன்னது. அந்த ஆணையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி அது. நமக்கு ஆணை வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதிபரிடம் போய், இந்த வருடம் பிள்ளைகளே பாடுவார்கள், பெட்டி வேண்டாம் என்று சொல்ல ஒரு நிமிடம் எடுக்கும். முதல் நாள் கரகரவென்றுதான் இருக்கும். பிரதம விருந்தினர் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும்.

என்னிடம் ஒரு பழைய ஆர்மோனியமும் ஒரு சுருதிப்பெட்டியும் இருக்கின்றன. இரண்டும் நல்ல நிலையில். பெப்ரவரி 4 வரை யாருக்குத் தேவையோ எடுத்துச் செல்லலாம். கடைசி வரிசைப் பையன்களோடு உட்கார ஆள் வேண்டுமென்றால், வெள்ளிக்கிழமை தவிர எந்தப் பின்னேரமும் நான் வருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியர் ஒருவர்,
ஓர்ஸ் ஹில்.